வெடித்த காய்க்குப் பத்து நிமிடம்

என் மனைவி கனடாவுக்குப் போன ஏழாவது வாரம் அவளுடைய ஓர்க்கிட் செத்துப்போனது. தானாகச் சாகவில்லை. நான்தான் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிக் கொன்றேன்.

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டில் ரோஜாவுக்கு எப்போதும் அந்தத் தண்ணீர்தான். ரோஜாவும் குறையில்லாமல் பூத்தது. அந்த ஞாபகத்தில், வெள்ளவத்தை ஃபிளாட்டின் ஐந்தாம் மாடிப் பல்கனியில் தொங்கிய ஓர்க்கிட்டுக்கும் சூரை மீன் கழுவிய தண்ணீரை இரண்டு வாரம் விடாமல் ஊற்றினேன். கடற்கரை உப்புக் காற்றில் எட்டு வருடம் தாக்குப்பிடித்த செடி என் கவனிப்பைத் தாங்கவில்லை. அடித்தண்டு கறுத்தது. விரலால் தொட்டேன், கூழாகக் கையோடு வந்தது.

செடி மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். அதே நிறத்தில் ஒன்றை எங்கேயாவது வாங்கிக் கொண்டுவந்து தொங்கவிட்டிருப்பேன், அந்தக் கள்ளப் புத்தி எனக்கு இல்லாமல் இல்லை. வாங்க முடியாதது அதில் இருந்த காய். என் மனைவி வேறொரு ஓர்க்கிட்டின் வெள்ளைப் பூவிலிருந்து மகரந்தத்தைப் பற்குச்சியால் எடுத்து இந்தச் செடியின் ஊதாப் பூவுக்கு வைத்து, மூன்று வருடம் முயன்று, ஒவ்வொரு முறையும் பிஞ்சு உதிர உதிரப் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் நிலைத்த ஒரே ஒரு காய் அது. கோவைக்காய் அளவுதான் இருக்கும். அதிலிருந்து வரும் கன்று உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது என்று சொல்லிச் சிரிப்பாள். மகளின் முதல் பிரசவத்துக்காக ஐந்து மாதம் போய் நிற்கப் புறப்பட்டவள், விமான நிலையத்திலும் கடவுச்சீட்டைப் பற்றிக் கேட்காமல் காயைப் பற்றித்தான் சொன்னாள்.

"பச்சையா இருக்கேக்கயே வெட்டிக் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ. மஞ்சள் அடிக்க விடாதீங்கோ. வெடிச்சா வேலையில்லை."

ஓர்க்கிட் விதையை முளைக்க வைத்துத் தரும் ஆய்வுகூடம் ஒன்று நகருக்கு வெளியே இருந்தது. காயை அங்கே கொடுக்க வேண்டிய நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் கிடந்தது. சாகிற செடிக்கு நாட்காட்டி தெரியுமா? காய் ஒரே நாளில் மஞ்சளித்து, மறுநாள் காலையில் நீளவாக்கில் வெடித்திருந்தது. உள்ளே முகப்பவுடர் போல வெளிறிய மஞ்சள் தூள். நான் மூச்சு விட்டதில் கொஞ்சம் பறந்தே போனது. வாயைப் பொத்திக்கொண்டு காயை வெட்டி, வெள்ளைக் கடதாசியில் மடித்து, மருந்துப் போத்தல் ஒன்றுக்குள் போட்டு மூடினேன்.

ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினாள்.

"பிபுருணு ஏவா அபி கன்னே நே, மஹத்தயா."

வெடித்தவற்றை எடுப்பதில்லையாம். ஏன் என்று நான் ஏறக்குறையக் கத்தினேன். அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். மூடிய காய்க்குள் கிருமி இல்லை. வெளித்தோலைக் கழுவி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒருமுறை நெருப்புக் காட்டினால் போதும், உள்ளே இருக்கும் விதை சுத்தம். வெடித்துவிட்டால் ஒவ்வொரு விதைமேலும் காற்றில் இருக்கும் பூஞ்சணம் ஒட்டிவிடும். ஓர்க்கிட் விதைக்குத் தன்னுடைய சாப்பாடு என்று எதுவும் கிடையாது, சீனி கலந்த பாகில்தான் விதைக்க வேண்டும். அந்தச் சீனியை விதை தின்பதற்குள் பூஞ்சணம் தின்றுவிடும். அதனால் விதையையே பிளீச்சில் ஊறவைக்க வேண்டும். குறைய ஊறினால் பூஞ்சணம் சாகாது. கூட ஊறினால் விதை செத்துவிடும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். விதைக்கு விதை வேறுபடும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் பத்திரங்களோடு மாரடித்தவன் நான். ஒரு முத்திரை விழாவிட்டால் கொன்டெய்னர் நின்றுவிடும் என்பதால் எதையும் மூன்று முறை பார்க்கும் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை, கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட்வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் 'விதைக்கு விதை வேறுபடும்' என்றால் என்ன செய்வான்?

அன்றைக்கே மனைவிக்குச் சொல்லியிருக்கலாம். மகளுக்கு நாள் நெருங்குகிறது, இப்போது ஏன் அவளைக் கலவரப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது பொய். பயம்தான். செடியும் போய்க் காயும் போய் வெறுங்கையோடு அவள் முன்னால் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் திரும்பி வரும்போது ஒரு சின்னக் கன்றையாவது கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

மூன்று நாள் இணையத்தில் வீடியோ பார்த்தேன். ஒருவன் ஐந்து நிமிடம் என்றான், ஒருத்தி இருபது என்றாள், இன்னொருவன் பிளீச்சே வேண்டாம் என்றான். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத இவர்களை யார் வீடியோ எடுக்கச் சொன்னது என்று போனைப் பார்த்து ஏசினேன். கடைசியில் ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் என்று நானே தீர்மானித்தேன்.

பாகை இறுகவைக்கக் கடல்பாசி வேண்டும். காலி வீதியில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர் ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார்.

"நோன்பு முடிஞ்சி எவ்வளவு நாள், இப்ப என்னத்துக்கு சேர் கடப்பாசி? வீட்ல மேடமும் இல்லயே?"

"சும்மா, ஒரு ஆசைக்கு" என்றேன். மனிதர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மனைவி ஊரில் இல்லாத கிழவன் தனியாக இருந்து புடிங் செய்து சாப்பிடப்போகிறான் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துப் பூசைக்குப் போகாமல் குசினிக் கதவைச் சாத்தினேன். கடல்பாசி, சீனி, செவ்விளநீர், ஒரு துண்டு வாழைப்பழம் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி ஆறு ஜாம் போத்தலில் ஊற்றி, பிரஷர் குக்கரில் முதல் நாளே அவித்து வைத்திருந்தேன். விதை கழுவும் தண்ணீரும் அவித்ததுதான். ஜன்னல்களை மூடி, காற்றாடியை நிறுத்தி, மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். இடியப்பச் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கு மேலே வைத்துத்தான் போத்தலைத் திறக்க வேண்டும், ஆவி மேலே எழும்பும்வரை காற்றில் இருக்கும் தூசி உள்ளே விழாது. வேர்வை மூக்கு நுனியில் நின்றது. அது விதைக்குள் விழுந்துவிடுமோ என்று தலையில் ஒரு துவாயைக் கட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்திருந்தால் நானே பயந்திருப்பேன்.

கடதாசியைப் பிரித்து விதைத் தூளை மட்டும் மருந்துப் போத்தலில் தட்டி, பிளீச் கரைசலை ஊற்றி, கோப்பை கழுவும் திரவம் ஒரு துளி விட்டேன். அது இல்லாவிட்டால் விதை மேலே மிதந்துகொண்டே நிற்கும். மூடிக் குலுக்கியபோது தூள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தடிக்க இருபது நிமிடம். அதிலிருந்து பத்து நிமிடம்.

நாலாவது நிமிடம் போன் அடித்தது. மனைவி. அங்கே இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும், வழக்கமாக அழைக்கும் நேரம் அல்ல. எடுக்கக் கை இல்லை. இரண்டு கையும் ஸ்பிரிட்டில் கழுவிய கை, ஒரு கையில் போத்தல். அடித்து ஓய்ந்தது. நான் குலுக்கினேன். திரும்ப அடித்தது. மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? போனை முறைத்தேன், கடிகாரத்தை மறந்தேன். மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தபோது நிமிர்ந்து பார்த்தால், பெரிய முள் எட்டிலிருந்து பதினொன்றைத் தாண்டி நின்றது. பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

விதை மஞ்சள் நிறம் போய் வெள்ளையாகிவிட்டதுபோல் இருந்தது. அது செத்த வெள்ளையா, சுத்தமான வெள்ளையா என்று யாரைக் கேட்பது? பிளீச்சைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அவித்த தண்ணீரால் இரண்டு முறை கழுவினேன். ஆவிக்கு மேலே ஒவ்வொரு போத்தலாகத் திறந்து, சிரிஞ்சால் விதையைத் துளித்துளியாக விட்டு, மூடியை மெல்லப் பொருத்தி வைத்தேன். ஆறும் முடிந்தன. இறுக்கி மூட வேண்டியதுதான் மிச்சம்.

அங்கேதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

எங்கள் வீட்டில் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்ரிக் போத்தலில் எப்போதும் தீர்த்தம் இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் மனைவி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவாள். அவள் போனபிறகு, அவள் சொல்லிவிட்டுப் போனதற்காக நானும் போய் நிரப்பிவந்தேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நெற்றியில் ஒரு துளி, காய்ச்சல்காரருக்கு ஒரு துளி, புது வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒரு துளி. ஒவ்வொரு முறையும் நான் கேலி பண்ணுவேன். கேலி பண்ணிக்கொண்டே நெற்றியைக் காட்டுவேன்.

அன்றைக்கு நெற்றியில் வைத்துவிட அவள் இல்லை. விதை உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. மனிதன் செய்யக்கூடியதெல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் சொன்னது. தீர்த்தப் போத்தலை எடுத்து, முதல் போத்தலின் மூடியைத் தூக்கி, உள்ளே மூன்று துளி விட்டேன். இரண்டாவதுக்கும் விட்டேன். அரை மணி நேரம் அவித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காற்றாடியை நிறுத்தி, மூச்சையும் அடக்கி உண்டாக்கிய சுத்தத்துக்குள், வாரக்கணக்கில் திறந்து மூடிய தண்ணீரை என் கையால் ஊற்றினேன். அந்த நேரம் அது ஒரு துளிகூட மூளையில் ஏறவில்லை. ஐந்து போத்தல் முடிந்து ஆறாவதைத் தொட்டபோது போன் நாலாவது தடவை அடித்தது. எரிச்சலில் அந்த மூடியை அப்படியே இறுக்கித் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"எங்கயப்பா போனனீங்கள்? எத்தினை தரம் அடிக்கிறது!" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பேத்தி பிறந்திட்டா. ரெண்டு பேரும் சுகமா இருக்கினம்."

தலையில் துவாயோடு நாற்காலியில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். எதற்கெல்லாம் அழுதேன் என்று பிரிக்க முடியவில்லை. அவள் குழந்தையின் மூக்கைப் பற்றியும், தலைமுடியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"என்ர செடி எப்பிடி?"

பேத்தி பிறந்த நாளில் எப்படிச் சொல்வது? "நல்லா இருக்குது" என்றேன். படம் அனுப்பச் சொன்னாள். போனில் பழைய படம் ஒன்று இருந்தது, செடி பச்சைப் பசேல் என்று காயோடு நின்றது. அனுப்பிவிட்டேன். ஒரு இதயம் வரும் என்று பார்த்திருந்தேன். எதுவும் வரவில்லை, ஆஸ்பத்திரியில் வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் முதலாவது போத்தலில் பஞ்சுபோல ஒரு பொட்டுத் தெரிந்தது. அது விதை முளைப்பது என்று நம்பி அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் பொட்டு பெருத்து நடுவில் பச்சைக் கறுப்பாயிற்று. பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஒன்பதாம் நாள் ஐந்து போத்தலிலும் பூஞ்சணம் சடைத்து நின்றது. ஆறாவது மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. ஏன் ஐந்து, ஏன் ஆறாவது இல்லை என்று மேசைக்கு முன்னால் நின்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. அது நெற்றிக்கு வைக்கிற தண்ணீர். சீனிப் பாகுக்குள் ஊற்றச் சொல்லி எந்தச் சுவாமியாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து போத்தலையும் பையில் கட்டிக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது லிஃப்ட்டில் யாரும் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த ஒரு போத்தலோடு நான் பட்ட பாடு. கடற்கரை ரயில் போகும்போது மேசை அதிரும், விதை புரண்டுவிடுமோ என்று கீழே துவாயை மடித்து வைத்தேன். வெயில் கூட என்று அலுமாரிமேல் வைத்தேன், வெளிச்சம் போதாது என்று திரும்ப இறக்கினேன். கை வைப்பதும் பயம், வைக்காமல் இருப்பதும் பயம். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு காலையும் மாலையும் பார்த்தேன். வெள்ளைத் தூள் வெள்ளைத் தூளாகவே கிடந்தது. பூஞ்சணம் வரவில்லை என்பதற்காக விதை உயிரோடு இருக்கிறது என்று ஆகுமா? பத்து நிமிடத்தைத் தாண்டிய அந்தச் சில நிமிடங்கள் என்னைத் தின்றன. இதற்குள் நாளைக்கு இரண்டு தரம் அவள் அழைப்பாள். குழந்தையைக் காட்டுவாள். ஒவ்வொரு முறையும் நான் பல்கனிக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். விசித்திரம் என்னவென்றால், அந்த நாளுக்குப் பிறகு அவள் செடியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பேத்தி வந்த மயக்கத்தில் மறந்துவிட்டாள் என்று நன்றி சொன்னேன்.

எட்டாவது வாரம் தூளில் சில ஊசிமுனைகள் பச்சையாயின. நான் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், டோர்ச் அடித்துப் பார்த்தேன். பச்சைதான். ஒரு வாரத்தில் அவை கடுகில் பாதி அளவு உருண்டைகளாகிவிட்டன. அன்று தனியாக வீட்டில் நின்று சத்தமாக ஏதோ பாடினேன், என்ன பாட்டு என்று ஞாபகமில்லை.

அவள் வந்தாள். விமான நிலையத்தில் இருந்து வெள்ளவத்தைவரை வாகனத்தில் பேத்தியின் கதைதான். வீட்டுக்குள் வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே பல்கனிக்குப் போனாள். செடி தொங்கிய கம்பி வெறுமையாக இருந்தது. கம்பியை ஒருமுறை விரலால் தொட்டாள். நான் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். மூன்று மாதமாகத் தயார்பண்ணி வைத்திருந்த பேச்சைத் தொடங்க வாயெடுத்தேன்.

"செடி செத்திட்டுது எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். நீங்கள் அனுப்பின படத்தில, பின்னால கொடியில என்ர நீல நைட்டி காயுது. அதைப் போட்டுக்கொண்டுதான் நான் அங்க அந்தப் படத்தைப் பாத்தனான்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மீன் தண்ணீரில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். வெடித்த காய், பிளீச், தீர்த்தம், ஐந்து போத்தல் போனது, அவள் அழைத்ததால் ஆறாவது தப்பியது. அவள் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உருண்டைகளைப் பார்த்ததும் அவளுடைய உதடு துடித்தது. இனி எல்லாம் சரி என்று எனக்கு நெஞ்சு இளகியது.

"ஒவ்வொரு நாளும் நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். "ஏன் சொல்லேல்ல?"

"பயமா இருந்தது."

"ஆருக்கு?"

"உமக்கு."

அவள் போத்தலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "முப்பத்தொரு வருஷம். ஒருநாளாவது நான் உங்களை ஏசினனானோ?"

யோசித்துப் பார்த்தேன். அவள் ஏசியதில்லை. அந்த வீட்டில் ஏசியது எல்லாம் நான். ஒருமுறை சட்டைப்பையில் கிடந்த என் கைக்கடிகாரத்தைச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்துவிட்டாள் என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அவளுடைய செடியைக் கொன்றதற்கு நான் பயந்தது அவளுக்கு இல்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் போட்டிருக்கக்கூடிய சத்தத்துக்குத்தான் பயந்திருக்கிறேன்.

"நானெண்டால் ஏசியிருப்பன்" என்றேன்.

"ஓம்" என்றாள், கோபமில்லாமல். "அதாலதான் நானும் உங்களுக்கு எத்தினையோ விஷயம் சொல்லுறேல்ல."

பிறகு எழும்பி, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போனாள். அவை என்னென்ன விஷயங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.